வீட்டில் ஆள் இல்லை

பலா இலையை ஆடு இழுப்பதுபோல்
நோட்டுகளை இழுத்துக்கொண்டது மெஷின்.
நானூற்று இருபது வெள்ளி.
முப்பத்தாறாவது தவணை. கடைசி.
விரல் நீளத்துக்கு ஒரு ரசீது வந்தது.
தெரிமா காசி, மறுபடியும் வருக என்றிருந்தது அதில்.
வரமாட்டேன் என்றேன், வாய்விட்டே.
பின்னால் நின்ற சீனக் கிழவர்
ஓரடி தள்ளி நின்றார்.

ஜெலுத்தோங் சந்தையைத் தாண்டும்போதே
மோட்டாரில் கணக்குப் போட்டுவிட்டேன்.
மீதி இருநூற்று முப்பத்தேழு,
கிறிஸ்துமஸ் முழுவதற்கும்.
கோழி இரண்டு. முறுக்கு மாவு, எண்ணெய்.
ஃபிளேவியாவுக்குச் சப்பாத்து,
பள்ளிக்கும் பூசைக்கும் ஒரே ஜோடி, அதனால் கறுப்பு.
இஞ்ஞாசியின் சட்டைக்குப் பொத்தான் மாற்றினால்
சட்டையே புதிது.
எனக்கு என்று எழுதி, ஒரு கோடு.

கேக் கிடையாது.
இஞ்ஞாசி வேலை பார்த்த ஹோட்டல் மூடிய வருஷம்
மூடியது யாருக்கும் தெரியக்கூடாதென்று
மூன்றடுக்கில் வாங்கினோம், கார்டில்.
கேக் மட்டுமா, சோபா, திரைச்சீலை,
வந்தவர் கைக்கெல்லாம் ஒரு பை.
அந்தக் கேக்கில் ஒரு துண்டு நான் தின்னவில்லை.
வெட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.
மூன்று வருஷமாய் அதற்கு வட்டி கட்டியது மட்டும்
நன்றாக ருசிக்கிறது நாக்கில்.

ராத்திரி ஒன்பது இருக்கும்.
பச்சை அட்டை நோட்டு மடியில்.
கதவு தட்டப்பட்டது.

நான் எழுவதற்குள் குழந்தை எழுந்துவிட்டாள்.
விளக்கை அணைத்தாள்.
காற்றாடியை நிறுத்தினாள்.
டிவியின் வாயை மூடினாள்.
செருப்புகளைத் தேட வேண்டியதில்லை,
எங்கள் செருப்புகள் வெளியே கிடப்பதே இல்லை.
உதட்டில் விரல் வைத்து
"வீட்ல ஆள் இல்லம்மா" என்றாள்
என்னிடமே.

ஏழு வயது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.
பொய்.
நான்தான் சொல்லிக்கொடுத்தேன், விளையாட்டு என்று.
வங்கிக்காரன் படியிறங்கும்வரை
மூச்சு கேட்காமல் இருப்பவருக்கு ஒரு மிட்டாய்.

வெளியே யாரோ கிட்டார் கம்பியை முறுக்கினார்கள்.
யாரோ தொண்டையைச் செருமினார்கள்.
பிறகு அந்த இருட்டு வீட்டைப் பார்த்துப்
பாட ஆரம்பித்தார்கள்.

அன்பியத்துக்காரர்கள்.
தேதி தெரியும் எனக்கு, ஆள் கணக்கும் தெரியும்,
நோட்டில்தான் எழுத மறந்திருக்கிறேன்.
மூன்று வருஷமாய் பக்கத்து வீடு, எதிர் வீடு என்று
எங்களைத் தாண்டிப் போனார்கள்.
அதையும் மூச்சு கேட்காமல்தான் கேட்டோம்.

லைட்டைப் போடு என்றேன்.
போடலாமா என்றாள்.
போடு.
போடலாமாம்மா?

ரோஸ் சிரப் பாட்டிலில் கால்வாசி.
தண்ணீரைக் கூட்டினேன், சர்க்கரையைக் கூட்டினேன்,
நிறம் மட்டும் கூடவில்லை.
குவளை பதினொன்று, ஆள் இருபத்திரண்டு.
குடித்துவிட்டுக் கை மாற்றினார்கள்.
உடைந்த பிஸ்கட்டைக் கீழே தள்ளி
முழுசுகளை மேலே அடுக்கினேன்.

தகர டப்பா லூர்துமேரி அக்கா கையில்.
அவரிடம் வாங்கிய அறுபது வெள்ளி
எந்த வங்கிக் கணக்கிலும் இல்லை.
ஐந்து வெள்ளியை மடித்து உள்ளே போட்டேன்.
மற்ற வீடுகளில் டப்பாவைக் குலுக்கிக் காட்டுவார்.
எங்கள் வீட்டில் குலுக்கவில்லை.

அவர்கள் போனபின் எழுதினேன்.
கேரல், ஐந்து.
சிரப், ஒரு பாட்டில்.
லூர்துமேரி அக்கா, அறுபது, ஜனவரிக்குள்.
கோழி இரண்டை ஒன்றாக்கினேன்.

செருப்பை வெளியே விடலாமா என்று கேட்டாள் ஃபிளேவியா.
விடு என்றேன்.
சாப்பாட்டுப் பொட்டலங்களோடு
இன்னும் ரோட்டில் இருக்கும் இஞ்ஞாசி
பன்னிரண்டுக்கு வந்து பார்த்தால் பயந்துபோவார்,
யார் வந்திருக்கிறார்களோ என்று.

நடைபாதை விளக்கில் இரண்டு ஜோடி.
என்னுடையதில் ஒன்றுக்கு வார் அறுந்திருந்தது.
அதையும் எழுதினேன்.